ஆங்கில ஸ்பெல்லிங்கைத் திருத்தும் நகைச்சுவைக் கட்டுரை: விதிகளை எந்த வரிசையில் வைப்பது?

மைக்கூடு கேட்டது:

கற்பனையாக ஓர் அரசுக் குழு. ஆங்கில ஸ்பெல்லிங்கைச் சீர்திருத்த ஆண்டுக்கு ஓர் ஆணை போடுகிறது. முதல் ஆணையில் சொன்ன புது ஸ்பெல்லிங்கில்தான் இரண்டாவது ஆணை வெளியாகும், இரண்டாவதில் சொன்னபடி மூன்றாவது. ஐந்தாம் ஆண்டில் குழு போட்ட ஆணையைக் குழுவாலேயே வாசிக்க முடியாது. இப்படி ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதவிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளும் படிக்கும் இதழ், நான்கு பக்கம்.

முதலில் எந்த எழுத்தில் கைவைப்பது? சி எழுத்தை ஒழிப்பதா, 'நைஃப்' என்ற சொல்லுக்கு முன்னால் சும்மா நிற்கும் கே எழுத்தை ஒழிப்பதா, உயிரெழுத்துகளைச் சரிசெய்வதா? விதி ஒவ்வொன்றும் ஆங்கில ஆசிரியர் படித்தாலும் குறை சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும். தப்பான விதியை வைத்துச் சிரிப்பு மூட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. உண்மையில் நடந்த சீர்திருத்த முயற்சிகளில் எவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லுங்கள். இன்னொரு சிக்கல், அந்த இதழில் ரோமன் எழுத்தே அச்சிடுவதில்லை. எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே காட்டியாக வேண்டும்.

அச்சுக்கோப்பு:

மெய்யெழுத்துகளில் தொடங்குங்கள். உயிரெழுத்துகள் கடைசி ஆண்டுக்கு இருக்கட்டும். மெய்யில் ஒரு விதி போட்டால் ஒரு பத்தியில் நாலைந்து சொற்கள்தான் மாறும், வாசகர் கூடவே வருவார். ஆங்கிலத்தில் உயிரெழுத்து ஐந்து, லண்டன் பாணி உச்சரிப்பில் உயிரொலிகள் ஏறத்தாழ இருபது. அதில் கைவைத்தால் ஒரு வரியில் ஒரு சொல்கூடத் தப்பாது, வாசகர் அங்கேயே இதழை மூடிவிடுவார்.

முதல் பலி சி எழுத்துதான். அதற்கென்று சொந்த ஒலி இல்லை. ஈ, ஐ, ஒய் இந்த மூன்றுக்கும் முன்னால் வந்தால் எஸ் ஒலி, மற்ற இடங்களில் கே ஒலி. ஆகவே 'சிட்டி' இனி எஸ்-ஐ-டி-ஒய், 'கப்' இனி கே-யூ-பி. ஆணை இரண்டே வரி, யாருக்கும் புரியும். ஆனால் உள்ளே கண்ணிவெடிகள் உண்டு, உங்களுக்கு வேண்டிய சரக்கும் அங்கேதான் கிடைக்கிறது. 'ஆக்ஸிடென்ட்' சொல்லில் இரண்டு சி அடுத்தடுத்து வரும், முதலாவது கே ஆகும், இரண்டாவது எஸ் ஆகும். இது விதிப்படியே. ஆனால் 'சாக்கர்' என்ற பந்தாட்டப் பெயரிலும் இரண்டு சி, பின்னால் ஈ. விதியைப் போட்டால் 'சாக்ஸர்' என்று வந்து நிற்கும். 'ஓஷன்', 'ஸ்பெஷல்' இரண்டிலும் சி எழுத்துக்கு ஷ ஒலி, அதற்கு ஆணையில் பதிலே இல்லை. குழு ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்த ஆணை போடட்டும். ஒரு சொல்லுக்கு ஒரு திருத்த ஆணை என்று மூன்று போதும், நான்காவது அலுப்பு.

சி-எச் சேர்ந்து வரும் இடங்களை முதல் ஆணையிலேயே விலக்கி வைக்க மறக்காதீர்கள். விலக்காவிட்டால் 'சர்ச்' கே-எச்-யூ-ஆர்-கே-எச் என்று ஆகிவிடும். விலக்கி வைத்தால் அடுத்த ஆண்டுக்கு அழகான வேலை கிடைக்கிறது. வேலையில்லாமல் நிற்கும் சி எழுத்தை ச் ஒலிக்கே கொடுத்துவிடலாம், 'சர்ச்' சி-யூ-ஆர்-சி ஆகிவிடும். 'ஸ்கூல்' சொல்லில் சி-எச் வந்தாலும் ஒலி கே, 'மெஷின்' சொல்லில் ஒலி ஷ. இந்த இரண்டையும் ஒரு பின்னிணைப்பில் போட்டுவிடுங்கள்.

விடுதலையான எழுத்துக்கு அதே ஆண்டில் புது வேலை தரக் கூடாது, குறைந்தது ஓர் ஆண்டு சும்மா இருக்க வேண்டும். இல்லையென்றால் வாசகருக்கு இது பழைய சி எழுத்தா புது சி எழுத்தா என்று தெரியாது. நிஜத்தில் எழுத்துகளை இப்படி இடம் மாற்றிய நாடு இந்தோனேசியா. 1972-இல் டி-ஜே என்று எழுதியதை சி ஆக்கினார்கள், டி எழுத்தின் மெல்லொலியான டி-ஜே இணையை வெறும் ஜே ஆக்கினார்கள், அதுவரை ய ஒலிக்கு இருந்த ஜே எழுத்தை ஒய் ஆக்கினார்கள். தமிழில் இரண்டு இணையும் ஒன்றுபோலத் தெரிகின்றன, முதல் டி 'டீ' என்றும் இரண்டாம் டி 'டாலர்' சொல்லின் முதலெழுத்து என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு ஜகார்த்தா நகரின் பெயரில் ஜே எழுத்துக்கு முன்னால் அந்த டாலர் எழுத்தும் உண்டு. இணையை ஜே ஆக்கும் விதியை முதலில் போட்டுவிட்டு, ஜே எழுத்தை ஒய் ஆக்கும் விதியை அடுத்துப் போட்டால் தலைநகரம் 'யகார்த்தா' ஆகிவிடும். வரிசையைத் திருப்பிப் போட்டாலும் 'த்யகார்த்தா' மாதிரி ஒன்றுதான் வரும். எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றினால்தான் சரிவரும், அவர்களும் அப்படித்தான் செய்தார்கள். உங்கள் குழு ஆண்டுக்கு ஒன்றாகச் செய்கிறது. அதன் எல்லாத் தொல்லைக்கும் வேர் அதுதான், கட்டுரையின் நடுவில் எங்காவது இதை ஓர் உறுப்பினர் வாயால் சொல்ல வையுங்கள்.

இரண்டு பெரிய தவறுகள் இந்த வகைக் கட்டுரைகளில் அடிக்கடி வரும். ஒன்று, சொல்லின் கடைசியில் வரும் ஈ எழுத்தை மௌன எழுத்து என்று சேர்த்து ஒழிப்பது. அது பேசாது, ஆனால் வேலை செய்கிறது. 'ஹோப்' (நம்பிக்கை) சொல்லில் கடைசி ஈ போனால் 'ஹாப்' (நொண்டியடித்தல்). 'பைட்' (கடி) சொல்லில் போனால் 'பிட்' (துண்டு). நிஜமாகவே வெட்டியாக நிற்பது 'கிவ்', 'ஹேவ்' போன்றவற்றில்தான், ஆங்கிலச் சொல் வி எழுத்தில் முடிவது வழக்கமில்லை என்பதால் ஒட்டிக்கொண்டது. மற்றது, இரட்டை மெய்களை ஒற்றையாக்குவது. 'டின்னர்' சொல்லில் ஓர் என் எழுத்தை எடுத்தால் 'டைனர்' ஆகிவிடும். முன்னால் உள்ள உயிர் குறில் என்று காட்டத்தான் அந்த இரட்டை. இந்த இரண்டையும் உங்கள் குழு தொடவே கூடாது, தொட்டால் ஆங்கில ஆசிரியர் உங்களைப் பிடித்துவிடுவார்.

ஒலியன்:

சி முதலில் என்பதை நான் ஏற்கவில்லை. மௌன எழுத்துகளை முதல் ஆண்டில் வைக்க வேண்டும், சி இரண்டாம் ஆண்டுக்குப் போகட்டும்.

'மசில்' என்ற சொல்லில் சி இருக்கிறது, ஒலி இல்லை. சி விதி முதலில் வந்தால் அது கே ஆகி, 'மஸ்கில்' என்ற இல்லாத ஒலியைக் கொண்டுவரும். 'இன்டைட்' (குற்றம் சாட்டுதல்) சொல்லிலும் அதே கதை, மௌன சி பேசத் தொடங்கிவிடும். 'சீன்', 'சயின்ஸ்' இரண்டும் முன்னால் இரண்டு எஸ் சுமந்து நிற்கும். மௌன எழுத்துகளை முதலில் நீக்கிவிட்டால் இவற்றில் இருக்கும் வெட்டி சி தானாகவே போய்விடும், அடுத்த ஆண்டு சி விதி வரும்போது தொல்லை பாதி குறையும். விதிகள் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்பவருக்கு இந்த வரிசைதான் பொருந்தும்.

தமிழ் வாசகர் பக்கம் இருந்தும் பாருங்கள். சி எழுத்து இடத்தைப் பொறுத்து ஒலி மாறுகிறது, அவ்வளவுதான். நம் ககரமும் அப்படித்தானே? 'கல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் மூன்று ஒலி, யாரும் தடுமாறுவதில்லை, இடம் சொல்லிவிடுகிறது. சி எழுத்தும் பெரும்பாலும் அந்த ஒழுங்கில் நடக்கும் எழுத்து. அதை ஏன் ஒழிக்க வேண்டும் என்று நம் வாசகருக்கு உடனே உறைக்காது. 'நைஃப்' சொல்லில் கே எதற்கு, 'சைக்காலஜி' சொல்லில் பி எதற்கு என்பது பள்ளியில் முதல் நாளே எழுகிற கேள்வி. அங்கே தொடங்கினால் வாசகர் முதல் வரியிலேயே குழுவின் பக்கம் சேர்ந்துவிடுவார். அவர் குழுவோடு சேர்ந்து நடந்தால்தான் பின்னால் குழு விழும்போது அவரும் விழுவார்.

மௌன எழுத்துகள் இரண்டு சாதி என்பதைக் கட்டாயம் காட்டுங்கள். 'நைஃப்' சொல்லின் கே, 'ரைட்' சொல்லின் டபிள்யூ இரண்டும் ஒரு காலத்தில் வாய்விட்டுச் சொல்லப்பட்டவை. நாக்கு கைவிட்டது, எழுத்து நின்றுவிட்டது. வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தது 1476-இல். அச்சு வந்ததும் ஸ்பெல்லிங் மெல்ல மெல்ல உறையத் தொடங்கியது, உச்சரிப்போ அப்போதுதான் பெரிய மாற்றத்தின் நடுவில் இருந்தது. இன்னொரு சாதி, யாரும் எப்போதும் சொல்லாதது. 'டெட்' (கடன்) சொல்லில் உள்ள பி எழுத்து, லத்தீன் மூலத்தில் பி இருக்கிறதே என்று படித்தவர்கள் நுழைத்தது. 'ஐலண்ட்' சொல்லின் எஸ் இன்னும் மோசம், அந்தச் சொல்லுக்கும் லத்தீனுக்கும் உறவே கிடையாது, 'ஐல்' என்ற வேறொரு சொல்லைப் பார்த்து ஒட்டவைத்தது. ஆக முதல் சாதியை நீக்கினால் புதுமை, இரண்டாம் சாதியை நீக்கினால் பழமைக்குத் திரும்புதல். குழுவில் ஒரு பழமைவாதியும் ஒரு புதுமைவாதியும் இருந்தால் முதல் ஆண்டு ஆணையில் இருவரும் ஒருமனதாகக் கையெழுத்துப் போடுவார்கள்!

கையெழுத்து என்றதும் இன்னொன்று. 'சைன்' சொல்லில் ஜி மௌனம், 'சிக்னேச்சர்' சொல்லில் அதே ஜி பேசும். 'ஆட்டம்' (இலையுதிர்காலம்) சொல்லின் கடைசி என் மௌனம், 'ஆட்டம்னல்' என்று நீட்டினால் பேசும். மௌனத்தை நீக்கினால் குடும்பம் பிரிகிறது. எதிர்க்கட்சி எழுப்பும் கேள்வியாக இதை ஒரே ஒரு முறை வையுங்கள்.

சுவடிக்கட்டு:

நடந்த வரலாற்றில் இருந்து.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1768-இல் ஒரு புது நெடுங்கணக்கே தயாரித்தார். சி, ஜே, க்யூ, டபிள்யூ, எக்ஸ், ஒய் ஆறையும் தூக்கிவிட்டு, வேறு ஆறு எழுத்துகளை உருவாக்கிச் சேர்த்தார். எண்ணிக்கை அதே 26. நோவா வெப்ஸ்டரின் வெற்றி தோல்வி இரண்டுமே உங்களுக்குப் பயன்படும். அமெரிக்கர்கள் இன்று 'கலர்' சொல்லை யூ இல்லாமல் எழுதுவதும், 'சென்டர்' சொல்லை ஈ-ஆர் என்று முடிப்பதும் பெரிதும் அவருடைய அகராதிகளால்தான். அதே வெப்ஸ்டர் 'டங்' (நாக்கு) சொல்லை டி-யூ-என்-ஜி என்றும், 'விமென்' சொல்லை ஒலிப்படி இரட்டை எம் போட்டும் எழுதச் சொன்னார், யாரும் கேட்கவில்லை. ஓரிரு எழுத்து நகரும்படி, சொல்லின் முகம் மாறாதபடி செய்த திருத்தங்களைத்தான் ஜனங்கள் ஏற்றார்கள். குழுவின் முதல் ஆணை ஏன் வெற்றி பெறுகிறது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

உங்கள் கதைக்கு நடுத்தூண் 1906. ஆண்ட்ரூ கார்னெகி பணம் கொடுக்க, அமெரிக்காவில் எளிய ஸ்பெல்லிங்குக்காக ஒரு வாரியம் அமைந்தது. அது 300 சொற்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஆகஸ்டில் அரசு அச்சகத்துக்கே ஆணை அனுப்பினார், இனி இந்த 300 சொற்களையும் இப்படித்தான் அச்சுக் கோக்க வேண்டும் என்று. பட்டியலில் கணிசமான சொற்களை அமெரிக்கர்கள் ஏற்கெனவே அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். இருந்தும் பத்திரிகைகள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டன. டிசம்பரில் பிரதிநிதிகள் சபை பழைய ஸ்பெல்லிங்கே வேண்டும் என்று தீர்மானம் போட, அதிபர் ஆணையைத் திரும்பப் பெற்றார். ஆகஸ்டில் பிறந்து டிசம்பரில் முடிந்தது. உங்கள் குழுவும் ஆணையைப் பள்ளிகளுக்கு அனுப்பாமல் முதலில் அச்சகத்துக்கு அனுப்பட்டும், அதற்கு நிஜ முன்மாதிரி இருக்கிறது.

அரசு விட்டதை ஒரு நாளிதழ் பிடித்துக்கொண்டது. 'சிகாகோ ட்ரிப்யூன்' 1934-இல் தொடங்கி 1975 வரை, சில சொற்களுக்குத் தன் சொந்த ஸ்பெல்லிங்கை அச்சிட்டது. 'த்ரூ' சொல்லை டி-எச்-ஆர்-யூ என்றும், 'தோ' சொல்லை டி-எச்-ஓ என்றும், 'ஐலண்ட்' சொல்லை எஸ் இல்லாமலும். பட்டியல் நடுநடுவே கூடியது, குறைந்தது. கடைசியில் கைவிட்டதற்குப் பள்ளி ஆசிரியர்களின் தொல்லையும் ஒரு காரணம், பிள்ளைகள் நாளிதழில் பார்த்ததைத் தேர்வில் எழுதினால் சிவப்பு மைதானே விழும்.

பிரிட்டனில் இது கிட்டத்தட்ட சட்டமாகவே ஆகியிருக்கும். 1949-இல் நாடாளுமன்றத்தில் வந்த ஸ்பெல்லிங் சீர்திருத்த மசோதா 84-க்கு 87 என்று மூன்றே ஓட்டில் தோற்றது. 1953-இல் வேறொரு மசோதா 65-க்கு 53 என்று இரண்டாம் வாசிப்பில் ஜெயித்தும்விட்டது, ஆனால் சட்டமாகவில்லை. இந்த எண்களை அப்படியே போடுங்கள், கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கற்பனைக் குழுவுக்குப் பக்கத்தில் நிஜ எண் நிற்கும்போது வாசகர் ஒரு கணம் எது கற்பனை என்று திகைப்பார், அது கட்டுரைக்கு நல்லது.

பெர்னார்ட் ஷா 1950-இல் இறந்தபோது புது நெடுங்கணக்குக்காக உயிலில் பணம் ஒதுக்கியிருந்தார், குறைந்தது 40 எழுத்துகள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. போட்டி நடத்தி, 500 பவுண்டு பரிசை நான்கு பேருக்குப் பிரித்தார்கள். அந்த எழுத்தில் ஷாவின் நாடகம் ஒன்று 1962-இல் அச்சானது. இதைச் சொல்லும்போது 'ஜி-எச்-ஓ-டி-ஐ என்றால் ஃபிஷ்' என்ற பழைய வேடிக்கையை ஷா தலையில் கட்டாதீர்கள். அது 1855-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே இருக்கிறது, ஷா பிறந்தது 1856-இல். தவிர, அந்த வேடிக்கை உங்கள் அளவுகோலுக்குத் தாங்காது. 'ரஃப்' சொல்லில் ஜி-எச் எழுத்துக்கு ஃப் ஒலி வருவது சொல்லின் முடிவில். சொல்லின் தொடக்கத்தில் ஜி-எச் ஒருபோதும் ஃப் ஆகாது, 'கோஸ்ட்' சொல்லைப் பாருங்கள். டி-ஐ எழுத்துக்கு ஷ ஒலி வருவது 'நேஷன்' போன்ற சொற்களின் நடுவில்தான், கடைசியில் வராது. அதேபோல இந்த ஆண்டுக்கொரு விதி வடிவத்தில் ஏற்கெனவே புகழ்பெற்ற கட்டுரைகள் உண்டு. மார்க் ட்வைன் எழுதியதாக ஒன்று சுற்றுகிறது, அவர் எழுதியதற்கு ஆதாரம் இல்லை. அந்தப் பெயரை இழுக்க வேண்டாம்.

நாக்குநுனி:

எல்லாரும் ஒலிப்படி எழுதுவது பற்றியே பேசுகிறீர்கள். யார் வாயில் வரும் ஒலி? சீர்திருத்தங்கள் தடுக்கி விழும் பெரிய கல் இதுதான், நான்காம் ஆண்டுக்கு முன்பே குழுவில் இந்தச் சண்டை வந்தாக வேண்டும்.

லண்டன்காரர் 'ஃபாதர்' (அப்பா), 'ஃபார்தர்' (இன்னும் தொலைவில்) இரண்டையும் ஒரே மாதிரி சொல்வார், அவருக்கு ஆர் மௌன எழுத்து. சிகாகோகாரருக்கு அது மௌனமில்லை, நன்றாகவே உருளும். அப்படியானால் ஆர் ஒழிப்புப் பட்டியலில் உண்டா, இல்லையா? ஸ்காட்லாந்துக்காரர் பலருக்கு 'புல்' (இழு), 'பூல்' (குளம்) இரண்டும் ஒன்று. அமெரிக்கர்களில் பலருக்கு 'காட்' (கட்டில்), 'காட்' (பிடித்தான்) இரண்டும் ஒன்று, லண்டனில் வேறு வேறு. தமிழில் எழுதினால் நமக்கும் ஒன்றாகத்தான் தெரிகிறது! ஒரு சொல் மட்டும் போடலாம் என்றால் 'லெப்டினன்ட்' சொல்லைப் போடுங்கள். பிரிட்டனில் 'லெஃப்டினன்ட்', அமெரிக்காவில் 'லூடினன்ட்'. ஒலிப்படி எழுதச் சொன்னால் ஒரே பதவிக்கு இரண்டு ஸ்பெல்லிங், எழுத்தில் எங்கும் இல்லாத எஃப் ஒன்று பிரிட்டிஷ் பக்கத்தில் புதிதாகச் சேர வேண்டும். 'க்ளர்க்' இன்னொரு நல்ல சொல், பிரிட்டனில் அது 'க்ளார்க்'. மூன்று சொல்லுக்கு மேல் போகாதீர்கள், பட்டியலாகிவிடும்.

இப்போதைய ஸ்பெல்லிங் யாருடைய வாய்க்கும் சரியாகப் பொருந்தவில்லை, அதனாலேயே எல்லாருக்கும் பொதுவாக நிற்கிறது. குழுவில் யாராவது ஒருவராவது இதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவரை உடனே வேறு துறைக்கு மாற்றிவிடலாம்.

வரிவடிவம்:

தமிழ் எழுத்தில் காட்டுவது பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

சொல்லின் ஒலியை முதலில், பொருளை அடைப்புக்குறியில், பிறகு எழுத்துப் பெயர்களை இணைக்கோட்டோடு. இந்த மூன்றும் இதே வரிசையில், கட்டுரை முழுக்க. பொருளை விட்டால் வாசகர் தொலைந்துபோவார், ஏனென்றால் 'பேக்' என்று எழுதினால் பையா, முதுகா, மூட்டை கட்டுவதா தெரியாது. 'கேட்' என்றால் பூனையும் உண்டு, வாசல் கதவும் உண்டு. தமிழ் எழுத்து வல்லொலி மெல்லொலி பிரித்துக் காட்டாது, ஆகவே அந்த வேறுபாட்டை மட்டுமே நம்பிய வேடிக்கை எதையும் எடுக்காதீர்கள். 'தின்' (ஒல்லி), 'திஸ்' (இது) இரண்டிலும் டி-எச் எழுத்துக்கு இரு வேறு ஒலி என்பது ஆங்கிலத்தில் பெரிய சங்கதி, தமிழில் இரண்டுக்கும் ஒரே தகரம். அந்த விதியையே விட்டுவிடுங்கள்.

எழுத்துப் பெயர்களில் ஐந்தாவது எழுத்துக்கு எப்போதும் நெடில் 'ஈ'. 'இ' என்று குறிலில் எழுதினால், பாதிப் பேர் அதை ஒன்பதாவது எழுத்து என்று நினைப்பார்கள். ஒன்பதாவதுக்கு 'ஐ'. 'எச்', 'ஹெச்' இரண்டில் ஒன்றை முடிவுசெய்து கடைசிவரை அதையே வையுங்கள். ஆறேழு எழுத்துக்கு மேற்பட்ட சொல்லை முழுதாக எழுத்துக்கூட்டாதீர்கள், கண் வழுக்கிவிடும். 'முன்னால் உள்ள கே போனது' என்று மாறிய இடத்தை மட்டும் சொன்னால் போதும்.

மைக்கூடு:

மௌன எழுத்து முதல் ஆண்டு, சி இரண்டாம் ஆண்டு, சி-எச் மூன்றாம் ஆண்டு என்று முடிவு செய்துவிட்டேன். 'மசில்' காரணம் அசைக்க முடியாதது. நான்காம் ஆண்டுக்கு ஜி-எச் வைக்கலாமா? ஐந்தாம் ஆண்டுக்கு உயிரெழுத்தில் எதைத் தொடுவது? ஒரு வாக்கியத்தை முதலாண்டில் இருந்து கடைசி வரை ஓட்டிக் காட்ட முடியுமா?

அச்சுக்கோப்பு:

ஜி-எச் நான்காம் ஆண்டுக்கு மிகச் சரி. ஆனால் முதல் ஆண்டு மௌன எழுத்து ஆணையில் 'ஜி-எச் நீங்கலாக' என்று எழுதிவிடுங்கள், அது சில இடத்தில் மௌனம், சில இடத்தில் ஃப் ஒலி என்பதால்.

எடுத்துக்கொள்ளும் வாக்கியம்: 'தி நைட் சாட் இன் சர்ச் அண்ட் காஃப்ட் த்ரூ தி நைட்.' குதிரைவீரன் தேவாலயத்தில் உட்கார்ந்து இரவெல்லாம் இருமினான். பத்துச் சொல், 45 எழுத்து. முதல் நைட் குதிரைவீரன், முன்னால் கே உண்டு. கடைசி நைட் இரவு, கே இல்லை.

முதல் ஆண்டு, வீரனின் கே போகிறது. இப்போது அவனும் இரவும் ஒரே ஸ்பெல்லிங், என்-ஐ-ஜி-எச்-டி. ஓர் இரவு தேவாலயத்தில் உட்கார்ந்து இரவெல்லாம் இருமியது என்றுதான் படிக்க முடியும். குழு கவலைப்படாது, இடம் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிடும். நியாயமான பதில்தான், பேசும்போது நாம் அப்படித்தான் புரிந்துகொள்கிறோம். இரண்டாம் ஆண்டு, இருமலின் முதல் எழுத்து சி போய்க் கே ஆகிறது. மூன்றாம் ஆண்டு, தேவாலயம் சி-யூ-ஆர்-சி. ஆறு எழுத்து நான்காகச் சுருங்கியது, குழு விழா எடுக்கலாம்.

நான்காம் ஆண்டு ஆணை: ஃப் ஒலி தரும் ஜி-எச் இனி எஃப், மௌனமான ஜி-எச் இனி இல்லை. இருமல் கே-ஓ-யூ-எஃப்-ஈ-டி, 'த்ரூ' டி-எச்-ஆர்-ஓ-யூ. இதுவரை நல்லது. இரவு? என்-ஐ-டி. அதை வாசித்தால் 'நிட்'. நிட் என்பது ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருக்கிற சொல், பேனின் முட்டை, நம் ஈர். ஆக, ஓர் ஈர் தேவாலயத்தில் உட்கார்ந்து ஈரெல்லாம் இருமியது! ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவார்கள் என்போமே, இங்கே குழு குதிரைவீரனையே ஈராக்கிவிட்டது. இந்த ஆண்டுக்குத் தலைப்பாக அந்தப் பழமொழியையே வைக்கலாம்.

ஏன் இப்படி ஆகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். பழைய ஆங்கிலத்தில் அந்த ஜி-எச் இடத்தில் தொண்டையில் உரசும் ஓர் ஒலி இருந்தது, ஜெர்மன் மொழியில் இரவுக்கான 'நாக்ட்' சொல்லில் அது இன்னும் கேட்கிறது. ஆங்கிலத்தில் ஒலி மறைந்தபோது முன்னால் நின்ற ஐ நீண்டுகொண்டது, இன்று அந்த ஐ எழுத்தை நீட்டி வாசி என்று கண்ணுக்குச் சொல்வது ஜி-எச் மட்டுமே. எடுத்தால் ஐ குறுகிவிடுகிறது.

ஐந்தாம் ஆண்டுக்கு உயிரெழுத்துச் சீர்திருத்தம் எதுவும் வேண்டாம், பழுதுபார்ப்பு ஆணை ஒன்றே போதும். ஐ எழுத்தை நீட்ட ஆங்கிலத்தில் ஏற்கெனவே உள்ள எளிய வழி, சொல்லின் கடைசியில் ஓர் ஈ போடுவது. இரவு இனி என்-ஐ-டி-ஈ. மௌன எழுத்துகளை ஒழிக்கவென்றே அமைத்த குழு, ஐந்தாம் ஆண்டில் ஒரு மௌன எழுத்தைச் சேர்க்கச் சொல்லி ஆணை போடுகிறது. ஆணை முழுக்கச் சரி, எந்த ஆங்கில ஆசிரியரும் மறுக்க முடியாது. அந்த ஆணையோடு இருமலையும் 'த்ரூ' சொல்லையும் சுருக்கிவிடலாம், கே-ஓ-எஃப்-டி, டி-எச்-ஆர்-யூ. இறந்தகால ஈ-டி (இது டாலர் எழுத்து), ட் ஒலி தரும் இடத்தில் வெறும் டி ('டீ' எழுத்து) ஆவது 1906 பட்டியலிலேயே பல சொற்களில் உண்டு. கடைசி வாக்கியத்தில் 34 எழுத்து. 45-இல் 11 மிச்சம், ஏறத்தாழ கால்வாசி. குழுவின் அறிக்கையில் இந்தச் சேமிப்பு பெரிய எழுத்தில் வரட்டும், வீரனும் இரவும் இன்னும் ஒரே ஸ்பெல்லிங்கில் இருப்பது அடிக்குறிப்பில் வரட்டும்.

மைக்கூடு:

அருமை, ஐந்தாம் ஆண்டு இதுதான். ஒரு சந்தேகம். நான்காம் ஆண்டில் ஜி-எச் போகும்போது 'நைட்' மட்டும்தான் வேறு சொல்லாகிறதா, மற்றவையுமா? ஒரு பத்திக்கு இன்னும் நாலைந்து சொற்கள் வேண்டும்.

ஒலியன்:

குடும்பமே அப்படித்தான். 'சைட்' (பார்வை) 'சிட்' ஆகி உட்கார்ந்துவிடும். 'ஃபைட்' (சண்டை) 'ஃபிட்' ஆகி அளவாகப் பொருந்திவிடும், அமைதித் தீர்மானத்துக்கு உதவும். 'ஃப்ளைட்' (விமானப் பயணம்) 'ஃப்ளிட்' ஆனால் படபடவென்று பறப்பது, பொருள் அதிகம் மாறாது. 'ஸ்லைட்' (லேசான) 'ஸ்லிட்' ஆனால் பிளவு. 'லைட்' (விளக்கு) 'லிட்' ஆனால் ஏற்றிய விளக்கு, அதைக் குழுவின் ஆதரவாளர் தன் பக்க வாதமாக எடுத்துவைக்கலாம். இவை ஐந்தும் ஆங்கிலத்தில் ஏற்கெனவே உள்ள சொற்கள். 'பிளைட்' (இக்கட்டு) பொருளில்லாத வடிவமாகிவிடும், அதனால் பயனில்லை. 'டைட்' (இறுக்கம்) பக்கம் மட்டும் போகாதீர்கள், ஜி-எச் போனால் பிள்ளைகள் படிக்கும் இதழில் அச்சிட முடியாத சொல்லாகிவிடும். 'எய்ட்' (எட்டு), 'வெய்ட்' (எடை) இரண்டையும் பட்டியலில் சேர்க்க வேண்டாம், அவற்றில் ஈ-ஐ சேர்ந்து வருவதால் ஜி-எச் போனாலும் உயிர் குறுகாது, விதி அங்கே ஒழுங்காகவே வேலை செய்கிறது.